பாக்கெட் உணவு எச்சரிக்கை முத்திரை: பத்து வருடமாக இழுக்கிறதே, இழுப்பது யார்?

கொங்கு_செந்தில் (இழையைத் தொடங்கியவர்)

முதலில் நடந்ததை வரிசையாகப் போட்டுவிடுகிறேன். 2014-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ ஒரு நிபுணர் குழு அமைத்தது. பாக்கெட் உணவில் உப்பு, சர்க்கரை, கொழுப்பு அதிகமாக இருந்தால் அதை முன்பக்கத்திலேயே சொல்ல வேண்டும் என்ற பேச்சு அப்போதே இருந்தது. 2018-ல் வரைவு விதி வந்தது: அளவைத் தாண்டினால் சிவப்பு. கம்பெனிகள் எதிர்த்தன, உடனே மறுபடி ஆராய இன்னொரு குழு. 2019-ல் திருத்திய வரைவு. 2020 கடைசியில் லேபிள் விதிகள் அரசிதழில் வந்தபோது எல்லாம் இருந்தது, முன்பக்க முத்திரை மட்டும் இல்லை. அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்து வைத்துவிட்டார்கள். 2022 செப்டம்பரில் வந்த வரைவைப் பார்த்தால் சிவப்பே காணோம், அந்த இடத்தில் நட்சத்திரம். அரையில் தொடங்கி ஐந்து வரை. அதுவும் முதல் 48 மாதங்களுக்கு விருப்பம் இருந்தால் போட்டால் போதும்.

2025 ஏப்ரலில், இந்த முத்திரை வேலையை முடிக்க உச்ச நீதிமன்றம் மூன்று மாதம் கெடு வைத்தது. ஜூலையில் அரசு இன்னும் மூன்று மாதம் கேட்டு வாங்கியது. வரைவுக்கு 14,000-க்கு மேல் கருத்துகள் வந்திருக்கின்றன, படிக்க நேரம் வேண்டும் என்பது காரணம்.

இது சாதாரண அரசாங்க மந்தமா, இல்லை யாராவது பிரேக்கில் கால் வைத்திருக்கிறார்களா? "எல்லாரும் காசு வாங்கிட்டாங்க" என்ற பதில் வேண்டாம். அதைச் சொன்னால் அடுத்துப் பேச ஒன்றும் இருக்காது.

ராஜன்_மதுரை

செந்தில், மந்தத்துக்குச் சதி தேவையில்லை. நம் ஊரில் தெருவிளக்கு மாற்றவே மனு மேல் மனு போட வேண்டியிருக்கிறது. அப்புறம், பரோட்டாவுக்கும் பஜ்ஜிக்கும் யார் முத்திரை குத்துவது? பிஸ்கட்டின் நெற்றியில் சிவப்புப் பொட்டு வைத்தால் சர்க்கரை நோய் போய்விடுமா? மக்களுக்குச் சொல்லிக்கொடுங்கள், நடக்கச் சொல்லுங்கள், உடற்பயிற்சி செய்யச் சொல்லுங்கள். எதைச் சாப்பிடுவது என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

பழையபேப்பர்

> நடக்கச் சொல்லுங்கள், உடற்பயிற்சி செய்யச் சொல்லுங்கள்

ராஜன் சார், நீங்கள் மனதாரச் சொல்கிறீர்கள் என்று தெரியும். ஆனால் இந்த யோசனையை ஊருக்குச் சொல்லவே ஒரு காலத்தில் காசு கொடுத்து அமைப்பு நடத்தியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 'குளோபல் எனர்ஜி பேலன்ஸ் நெட்வொர்க்' என்று பேராசிரியர்கள் சேர்ந்த ஒரு குழு இருந்தது. உடல் பருமனுக்கு உணவை மட்டும் குறை சொல்கிறோம், உடலுழைப்புக் குறைந்ததைப் பேசுவதில்லை என்பது அவர்கள் வாதம். 2015 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் தோண்டியது. அந்தக் குழு தொடங்கக் கோகோ கோலா 15 லட்சம் டாலர் கொடுத்திருந்தது. அந்த வருடம் முடிவதற்குள் குழு கலைந்துவிட்டது.

அவர்கள் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நடப்பது நல்லதுதான். எதைப் பற்றிப் பேச வேண்டும் என்பதை மட்டும் கொஞ்சம் நகர்த்திவிட்டார்கள்.

இன்னும் பழைய கதை ஒன்று. 1967-ல் ஹார்வர்டைச் சேர்ந்த மூன்று பேர் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு ஆய்வுத் தொகுப்பு எழுதினார்கள். இதய நோய்க்குக் கொழுப்புதான் பெரிய காரணம், சர்க்கரை மேல் இருக்கும் ஆதாரம் பலவீனம் என்கிற மாதிரி. சர்க்கரைத் தொழிலின் ஆய்வு அமைப்பு அதற்கு 6,500 டாலர் கொடுத்திருந்தது. கட்டுரையில் அந்தத் தகவல் இல்லை. அந்த இதழ் அப்படி வெளிப்படுத்தச் சொன்னதே 1984-ல் இருந்துதான். விஷயம் வெளியே வந்தது 2016-ல், பழைய கடிதக் கட்டுகளிலிருந்து. நடுவில் ஐம்பது வருடம் போய்விட்டது. அந்த மூவரில் ஒருவரான ஹெக்ஸ்டெட் பின்னாளில் அமெரிக்க வேளாண் துறைக்கே போய் உணவு வழிகாட்டி தயாரிப்பில் பங்கெடுத்தார்.

ராஜன்_மதுரை

எல்லாம் அமெரிக்கா. இங்கே என்ன நடந்தது என்று சொல்லுங்கள்.

பழையபேப்பர்

சரி, இங்கேயே வருகிறேன். 2006-ம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 13-வது பிரிவு, அறிவியல் குழுக்களில் சுயேச்சையான நிபுணர்கள் இருக்க வேண்டும் என்கிறது. முதலில் அமைத்த குழுக்களில் உணவு, குளிர்பான நிறுவனங்களின் ஆட்களே உட்கார்ந்திருந்தார்கள். லேபிள் விதிகளைப் பார்க்கும் குழுவிலும்தான். குளிர்பானங்கள் பற்றிய பொதுநல வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் சட்டத்தைச் சுட்டிக்காட்டிய பிறகே குழுக்களை மாற்றி அமைத்தார்கள். சட்டம் எழுதிய மையின் ஈரம் காய்வதற்குள் இந்த நிலைமை.

அடுத்து, 2018-ல் சிவப்பு முத்திரையை மறு ஆய்வு செய்ய வந்த மூன்று பேர் குழு. அதன் தலைவர் ஐஎல்எஸ்ஐ என்ற அமைப்பின் அறங்காவலர் என்று 2019 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. 1978-ல் ஐஎல்எஸ்ஐயைத் தொடங்கியவர் அலெக்ஸ் மலாஸ்பினா, கோகோ கோலாவின் உயர் அதிகாரி. உணவுக் கம்பெனிகள் பணத்தில் நடக்கும் அமைப்பு. நாங்கள் அறிவியல்தான் பேசுகிறோம், அரசிடம் ஆதரவு திரட்டுவதில்லை என்று அவர்கள் சொல்கிறார்கள். 2021-ல் கோகோ கோலாவே அதிலிருந்து விலகியது, அது வேறு கதை.

நடுவர்

குழு உறுப்பினர் ஒருவரின் குடும்பத்தைப் பற்றி எழுதிய பதிவு ஒன்றை நீக்கியிருக்கிறேன். பதவியைப் பேசுங்கள், வீட்டைப் பேச வேண்டாம்.

லேப்_மணி

நான் உணவு ஆலைகளில் தரக்கட்டுப்பாட்டில் பல வருடம் இருந்தவன். யார் யாரைத் தெரியும் என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது கணக்கு. இந்தச் சண்டை முழுக்க நடப்பது எல்லோரும் தூங்கிவிடும் பக்கங்களில், அதாவது அட்டவணையிலும் அடிக்குறிப்பிலும்.

முதல் கேள்வி, 100 கிராமுக்கா அல்லது ஒரு பரிமாறலுக்கா? 100 கிராம் என்றால் தப்பிக்க வழியில்லை. பரிமாறல் என்றால் அது எவ்வளவு என்பதைக் கம்பெனி சொல்லும். 20 கிராம் சிப்ஸ் ஒரு பரிமாறல் என்று போட்டால் உப்பு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். 20 கிராமோடு நிறுத்தியவரை நான் பார்த்ததில்லை.

அடுத்தது நட்சத்திரம் வரும் விதம். சர்க்கரை, உப்பு, கொழுப்புக்கு மைனஸ். நார்ச்சத்து, புரதம், பழம், பருப்புக்கு பிளஸ். இரண்டையும் கூட்டிக் கழித்து ஒரு எண். ஒரு இனிப்பு தானியப் பொருளில் கொஞ்சம் நார்ப்பொடியும் கொஞ்சம் பால் புரதமும் சேர்த்தால் சர்க்கரையைத் தொடாமலே அரை நட்சத்திரம் ஏற்றலாம். ரெசிபி டிபார்ட்மென்ட் இதை ஒரு மதியத்தில் போட்டுக் காட்டிவிடும்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று சொன்னால் ராஜன் சார் கோபிக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 2014-ல் நட்சத்திரம் வந்தது. நெஸ்லேயின் மைலோ சாக்லேட் பானப் பவுடர் டப்பாவில் நாலரை நட்சத்திரம் இருந்தது. கொழுப்பு நீக்கிய பாலில் கலந்து குடித்தால் வரும் மதிப்பு அது. பவுடரை மட்டும் கணக்கிட்டால் அந்த உயரத்துக்கு வரவே வராது. ஜனங்கள் கேள்வி கேட்கக் கேட்க, 2018-ல் நெஸ்லே அந்த நட்சத்திரத்தை எடுத்துவிட்டது.

இனி அந்த 14,000 கருத்துகள். கதவு எல்லோருக்கும் திறந்துதான் இருக்கிறது. ஆனால் வரைவின் அட்டவணை 2-ல் பிரிவு 4-ஐ இப்படி மாற்றுங்கள், இதோ எங்கள் ஆய்வு முடிவு என்று எழுதுகிற கருத்துக்கு ஒரு எடை. குழந்தைகளைக் காப்பாற்றுங்கள் என்று எழுதுகிற கருத்துக்கு வேறு எடை. நான் பார்த்த பெரிய ஆலைகளில் இதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் இருந்தார்கள். வரைவு வெளியான வாரமே அதை வரி வரியாகப் பிரித்து மேய்ந்துவிடுவார்கள். நுகர்வோர் பக்கம் அந்த வேலையைச் செய்கிறவர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஒருவர், தன் சொந்த நேரத்தில்.

மருதாணி

மணி சார் பதிவை எங்கள் பள்ளிப் பெற்றோர் குழுவில் போட்டுவிட்டேன், அனுமதி இல்லாமல்.

என் பக்கத்திலிருந்து ஒன்று. 2023 ஏப்ரலில் போர்ன்விட்டாவில் இருக்கும் சர்க்கரையைப் பற்றி ரேவந்த் ஹிமத்சிங்கா என்ற சமூக ஊடகப் பிரபலம் ஒரு வீடியோ போட்டார். லட்சக்கணக்கில் பார்த்தார்கள். கம்பெனி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. அவர் வீடியோவை எடுத்து மன்னிப்பும் கேட்டார். அதோடு முடிந்திருக்க வேண்டிய கதை. ஆனால் நோட்டீஸ் வந்த செய்தியால் இன்னும் நிறையப் பேர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார்கள். குழந்தைகள் உரிமை ஆணையம் உள்ளே வந்தது. 2024 ஏப்ரலில், 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் இந்த மாதிரிப் பானங்களை வைக்காதீர்கள் என்று வணிக அமைச்சகம் இணையக் கடைகளுக்குச் சொன்னது. போர்ன்விட்டாவும் சர்க்கரையைக் குறைத்தது.

அப்படியென்றால் ஒரு தனி ஆளுக்கும் சக்தி இருக்கிறதே என்று தோன்றும். எனக்கு வேறு மாதிரிதான் படுகிறது. ஒரு வக்கீல் நோட்டீஸுக்கே வீடியோ இறங்கிவிட்டது. நோட்டீஸ் வந்த எத்தனை பேர் சத்தமில்லாமல் நிறுத்தியிருப்பார்கள்?

அப்புறம், பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமான உணவு விற்கக் கூடாது என்று 2020-லேயே விதி இருக்கிறது. எது அதிகம் என்று பாக்கெட்டில் குறி இல்லாமல் அந்தக் கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? எங்கள் பள்ளி வாசல் கடையில் கேட்டேன். "எதுக்கும்மா, எல்லாம் கம்பெனி சரக்குதான்" என்றார்.

முறுக்கு_பாலு

நான் முறுக்கு, தட்டை, சீவல் போடுகிறவன். வீட்டோடு சேர்ந்த பட்டறை, ஆறு பேர் வேலை செய்கிறார்கள். இங்கே எல்லோரும் பெரிய கம்பெனியைத் திட்டுகிறீர்கள், சந்தோஷம். ஆனால் சிவப்பு வந்தால் முதல் அடி யாருக்கு? அவர்கள் ரெசிபியை மாற்றிக்கொள்வார்கள். நான் என் பாட்டி போட்ட அளவை மாற்றினால் முறுக்கு முறுக்காக இருக்காது. ஊறுகாய், அப்பளம் போடுகிற பெண்கள் குழுக்கள் என்ன செய்யும்? நம் சாப்பாடு எல்லாம் விஷம், ஓட்ஸ் மட்டும் அமிர்தமா?

ராஜன்_மதுரை

அப்படிப் போடுங்க பாலு அண்ணா.

திருச்சி_டாக்டர்

பாலு, உங்கள் கவலை நியாயமானது. அதனாலேயே இதை நின்று பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் கவலையை வேறு ஒருவர் கடன் வாங்கிக்கொண்டு போகிறார்.

2025 ஜூலையில் என்ன நடந்தது என்று பாருங்கள். அரசு அலுவலகங்களில் எண்ணெய், சர்க்கரை பற்றிய தகவல் பலகை வையுங்கள் என்று மத்திய சுகாதார அமைச்சகம் ஜூனில் ஒரு கடிதம் எழுதியது. அவ்வளவுதான் விஷயம். ஜூலை நடுவில் அது "சிகரெட் மாதிரி சமோசா, ஜிலேபிக்கு எச்சரிக்கை" என்று செய்தியானது. டிவி விவாதம், மீம், அரசியல்வாதிகள் அறிக்கை, நம் பாரம்பரியத்தின் மேல் தாக்குதல் என்று ஒரே அமளி. சமோசாவுக்கு எச்சரிக்கை எதுவும் இல்லை என்று பத்திரிகைத் தகவல் அலுவலகம் மறுப்பு வெளியிட வேண்டிய நிலை. அந்த நாட்களில் பாக்கெட் உணவு லேபிள் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை, எனக்கு அப்படித் தோன்றவும் இல்லை. ஜிலேபியைக் காப்பாற்ற ஊரே கிளம்பும், சோடியம் வரம்பைப் பற்றிப் பேச நாலு பேர் வருவார்கள். அது தெரிந்தவர்களுக்கு விவாதத்தை எங்கே தள்ள வேண்டும் என்பதும் தெரியும்.

சிலி நாட்டில் இதை எப்படிச் செய்தார்கள் என்று சொல்கிறேன். கீடோ கிரார்டி என்று ஒரு செனட்டர், டாக்டரும்கூட. வருடக்கணக்கில் முட்டி மோதி 2012-ல் சட்டம் ஆனது, நடைமுறைக்கு வந்தது 2016 ஜூனில். முன்பக்கத்தில் எண்கோண வடிவில் கறுப்பு முத்திரை: சர்க்கரை அதிகம், உப்பு அதிகம் என்று நேரடியாக. கூட்டிக் கழிக்கும் வேலையே இல்லை. முத்திரை விழுந்த பாக்கெட்டில் குழந்தைகளைக் கவரும் கார்ட்டூன் பொம்மையும் போடக் கூடாது. கெல்லாக்ஸும் பெப்சிகோவும் நீதிமன்றம் போயின. முத்திரை விழுந்த இனிப்புப் பானங்கள் வாங்குவது சுமார் 24 சதவீதம் குறைந்ததாக 2020-ல் வந்த ஆய்வு சொன்னது.

உங்களுக்கு முக்கியமானது இது: சர்க்கரையோ உப்போ கொழுப்போ சேர்க்காத பொருளுக்கு அங்கே முத்திரை இல்லை. பாக்கெட் போடாமல் விற்பதற்கும் இல்லை. சிறு உற்பத்தியாளர்களுக்குக் கூடுதல் அவகாசம் கொடுத்தார்கள். அதாவது உங்களைக் காப்பாற்ற வழி இருக்கிறது. ஆனால் அந்த வழியைக் கேட்பவர்கள் குறைவு, உங்களைக் காட்டி மொத்தமும் வேண்டாம் என்பவர்கள் அதிகம்.

எதிர்ப்பு எப்போதும் மரியாதையாக நடந்தது என்றும் நினைக்க வேண்டாம். மெக்சிகோவில் 2014-ல் லிட்டருக்கு ஒரு பெசோ என்று குளிர்பான வரி வந்தது. அதை உயர்த்தக் கேட்ட ஆய்வாளர் சிமோன் பர்கேரா உட்பட மூன்று பேருடைய போன்களுக்கு உளவு மென்பொருள் அனுப்பியதை டொரான்டோவின் சிட்டிசன் லேப் 2017-ல் கண்டுபிடித்தது. அரசாங்கங்களுக்கு மட்டுமே விற்பதாகச் சொல்லப்படும் மென்பொருள். உங்கள் மகளுக்கு விபத்து என்கிற மாதிரிக் குறுஞ்செய்தி வரும், தொட்டால் போன் போச்சு.

ராஜன்_மதுரை

டாக்டர், ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறீர்கள். மெக்சிகோ வரிப் பிரசாரத்துக்கு அமெரிக்கக் கோடீஸ்வரர் மைக்கேல் ப்ளூம்பெர்க்கின் அறக்கட்டளைப் பணம் போனதா இல்லையா? உலகம் முழுக்க இந்த முத்திரை இயக்கங்களுக்கும் அங்கிருந்து நிதி போகிறது. கம்பெனி காசு கொடுத்தால் செல்வாக்கு, கோடீஸ்வரர் காசு கொடுத்தால் சேவையா? மெக்சிகோ மக்கள் என்ன குடிக்க வேண்டும் என்று நியூயார்க்கில் உட்கார்ந்திருப்பவர் முடிவு செய்யலாமா?

கொங்கு_செந்தில்

இது நல்ல கேள்வி. மழுப்பாமல் சொல்கிறேன்: ஆமாம், அதுவும் செல்வாக்குதான். பணம் எங்கிருந்து வந்தாலும் எந்த ஆய்வு நடக்கும், எது நடக்காது என்பதை அது தீர்மானிக்கும். முத்திரை ஆய்வுக்கு நிதி கிடைக்கிறது. சத்துணவு முட்டையின் தரம் பற்றியோ ஆலைத் தொழிலாளி என்ன சாப்பிடுகிறார் என்பது பற்றியோ ஆராய அதே ஆர்வத்தோடு யாராவது வருகிறார்களா, தெரியவில்லை.

ஆனாலும் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ப்ளூம்பெர்க் பணத்தை அவர்களே தங்கள் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், அதனால்தான் உங்களால் இங்கே கேட்க முடிந்தது. 6,500 டாலர் வெளியே வர ஐம்பது வருடம் ஆனது. தவிர, முத்திரை வந்தால் ப்ளூம்பெர்க் ஒரு பாக்கெட்கூடக் கூடுதலாக விற்கப்போவதில்லை. இதை வைத்து அவர்கள் சொல்வதெல்லாம் சரி என்று ஆகிவிடாது. இரண்டு தரப்பிடமும் பில் கேளுங்கள் என்பேன்.

ஆடிட்டர்_குமார்

வரியை யாரும் தொடவில்லையே. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறியது. சர்க்கரை சேர்த்த குளிர்பானங்கள் 40 சதவீதத்தில். பிஸ்கட், சாக்லேட், இன்ஸ்டன்ட் நூடுல்ஸ், மிக்சர் வகைகள் எல்லாம் 5 சதவீதத்துக்கு இறங்கின. பிஸ்கட் முன்பு 18-ல் இருந்தது. அதே வருடம் ஜனவரியில் வந்த பொருளாதார ஆய்வறிக்கையோ, அதிகம் பதப்படுத்திய உணவுகளைக் கட்டுப்படுத்த வேண்டும், லேபிளைக் கடுமையாக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அந்த அறிக்கை நிதி அமைச்சகத்துடையது, வரியை முடிவு செய்யும் ஜிஎஸ்டி கவுன்சிலுக்குத் தலைவரும் அதே நிதி அமைச்சர்தான். டிவியில் விவாதம் முழுக்க விலை குறைந்ததைப் பற்றி. சாதாரணக் குடும்பத்துக்கு ஐந்து ரூபாய் மிச்சம் என்றால் யார் எதிர்த்துப் பேசுவார்? நானும் பேச மாட்டேன்.

மருதாணி

குமார் சார், பழம் வாங்கினால் அந்த ஐந்து ரூபாய் எங்கே மிச்சமாகிறது?

முறுக்கு_பாலு

இந்த இழையை இரண்டு தடவை படித்தேன். ஒரு விஷயம் சொல்ல வேண்டும். முன்பு இந்த வரைவு வந்தபோது எங்கள் தொழில் சங்க வாட்ஸாப் குழுவில் ஒரு மாதிரிக் கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் இரண்டு பக்கம், கீழே பெயரும் உரிம எண்ணும் போட்டு அனுப்பினால் போதும் என்றார்கள். நிறையப் பேர் அனுப்பினார்கள். நான் அப்போது தீபாவளி ஆர்டரில் இருந்ததால் விட்டுவிட்டேன். நேற்று அதைத் தேடி எடுத்து, கல்லூரியில் படிக்கும் பையனை வாசிக்கச் சொன்னேன். பாரம்பரிய உணவு ஆபத்தில் இருக்கிறது, சிவப்பு வேண்டாம், நட்சத்திரம் போதும் என்று இருந்தது. சிறு பட்டறைக்கு அவகாசம் வேண்டும், லேப் டெஸ்ட் செலவில் மானியம் வேண்டும், பாக்கெட் போடாத சரக்குக்கு விலக்கு வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. யார் எழுதியது என்று குழுவில் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. மேலே இருந்து வந்தது என்றார்கள்.

மணி சார், ஒன்று சொல்லுங்கள். சிலி கணக்குப்படி என் முறுக்குக்கு எத்தனை முத்திரை விழும்?

லேப்_மணி

பாலு அண்ணா, உள்ளதைச் சொல்கிறேன். சிலியின் கடைசிக் கட்ட வரம்பு 100 கிராம் திடப்பொருளுக்கு: 275 கலோரி, 400 மில்லிகிராம் சோடியம், 10 கிராம் சர்க்கரை, 4 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. முறுக்கு 100 கிராமில் 30 கிராம் எண்ணெய் நிற்கிறது என்று வையுங்கள். பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு, ஆக 15 கிராம். கடலை எண்ணெய் என்றால் ஐந்தாறு கிராம், அதுவும் வரம்புக்கு மேல்தான். பொரித்தது எதுவும் 275 கலோரிக்குள் நிற்காது. ஒரு கிராம் உப்பிலேயே 400 மில்லிகிராம் சோடியம் வந்துவிடும், நீங்கள் அதற்கு மேல் போடுவீர்கள். அதனால் மூன்று விழும், சர்க்கரை மட்டும் தப்பும். பெரிய கம்பெனி முறுக்குக்கும் அதே மூன்றுதான், அதைக் கவனியுங்கள். நட்சத்திர முறை என்றால் அவர்கள் நார்ப்பொடி போட்டு உங்களைவிட அரை நட்சத்திரம் மேலே போய்விடுவார்கள்.

முறுக்கு_பாலு

மூன்றா! சரி, தீபாவளிக்கு முறுக்கு வாங்குகிறவர் முத்திரையைப் பார்த்து வாங்கப் போவதில்லை. ஆனால் அந்தக் கடைசி வரி எனக்குத் தெரியாது.

அடுத்த வரைவு வந்தால் நானே தமிழில் எழுதி அனுப்பலாமா, இல்லை ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டுமா?

லேப்_மணி

தமிழில் எழுதுங்கள், கூடவே ஆங்கிலத்திலும் ஒரு பக்கம் வைத்துவிடலாம், நான் போட்டுத் தருகிறேன். எந்தப் பிரிவு, என்ன மாற்றம், ஏன் என்று மூன்றும் இருக்க வேண்டும். ஒரு பேட்ச் முறுக்கை என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ள லேபில் கொடுத்து ரிப்போர்ட் வாங்கிக்கொள்ளுங்கள், இணைப்பாக வைக்கலாம். எந்த எண்ணெயில் போட்டது என்று பேட்ச்சோடு எழுதி வையுங்கள்.

ராஜன்_மதுரை

லேபுக்குப் போகும்போது ஒரு பாக்கெட் மதுரைக்கும் அனுப்புங்க அண்ணா. முத்திரையோடு அனுப்பினாலும் பரவாயில்லை.